திருப்பூர் போனேன், கவுன் வாங்கினேன்!

"திருப்பூருக்குப் போகப் போகிறேன்" என்று நான் சொன்னதும் எங்கள் வீட்டுக்காரர் பத்திரிகையை மடித்துக் கீழே வைத்தார். அவர் பத்திரிகையைக் கீழே வைப்பது வருஷத்தில் இரண்டு மூன்று தடவை நடந்தால் அதிகம்.

"அப்படியா? அங்கே பனியன் மலிவாயிற்றே! எனக்கு அரை டஜன் வாங்கிக்கொண்டு வா. கை வைத்த பனியன். தொண்ணூறு சென்டிமீட்டர். மறந்துவிடாதே" என்றார்.

"ஆகட்டும்" என்று தலையை ஆட்டிவிட்டு ரயில் ஏறினேன்.

உங்களுக்கும் திருப்பூர் என்றதும் பனியன்தானே ஞாபகம் வரும்? கொஞ்சம் சரித்திரம் படித்தவர்களுக்குக் கொடி காத்த குமரன் ஞாபகத்துக்கு வருவார். இந்த இரண்டோடு மூன்றாவதாக ஒரு விஷயம் அந்த ஊரில் இருக்கிறது. குழந்தைகள் உள்ள வீட்டுக்காரிகள் அதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் நான் எதற்காகப் போனேன் என்று சொல்லிவிடுகிறேன்.

ஈரோட்டில் என் தங்கை இருக்கிறாள். அவளுக்கு மூன்று பெண்கள். பெரியவளுக்குப் பதின்மூன்று வயது, நடுவிலவளுக்கு ஒன்பது, கடைக்குட்டிக்கு ஐந்து. எங்கள் அம்மாவும் அவளோடுதான் இருக்கிறாள். தங்கை கணவர் ஓர் ஆலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். 2024-ஆம் வருஷம் சித்திரையில் அந்த ஆலையை மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு அங்கே இங்கே தற்காலிக வேலைதான். நான் ஆனி மாதத்தில் கொஞ்சம் பணம் அனுப்பினேன். மூன்றாம் நாள் அது அப்படியே என் கணக்குக்குத் திரும்பி வந்துவிட்டது. "அக்கா, கோபித்துக்கொள்ளாதே. வேண்டும்போது நானே கேட்கிறேன்" என்று போனில் சொன்னாள். அவள் கேட்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

தீபாவளி நெருங்கிற்று. மூன்று பெண்களுக்கும் புதுத்துணி வேண்டுமே! நான் கடையில் எடுத்துக்கொண்டு போய் நின்றால் தங்கையின் முகம் எப்படி ஆகும் என்று எனக்குத் தெரியாதா? அம்மாவிடம் யோசனை கேட்டேன்.

"நீ எடுத்துக் கொடுத்தால் அவளுக்குக் கடன் மாதிரி இருக்கும். இரண்டு பேரும் சேர்ந்து திருப்பூர் போங்கள். மலிவாக எதையாவது வாங்கி வாருங்கள். என்னுடைய மெஷின் சும்மாதானே கிடக்கிறது? நாமே தைத்துச் சரிப்படுத்தலாம். கைவேலைக்கு யாரும் கடன்பட மாட்டார்கள்" என்றாள் அம்மா.

ரயிலடியிலிருந்து காதர்பேட்டை வரை

ஈரோட்டிலிருந்து திருப்பூர் ஒரு மணி நேரப் பிரயாணம். பாசஞ்சர் வண்டியில் போனால் பெருந்துறை, விஜயமங்கலம், ஊத்துக்குளி என்று ஒவ்வொரு ஸ்டேஷனாக நின்று போகும். ஊத்துக்குளி வந்ததும் வெண்ணெய் ஞாபகம் வராதவர்கள் கொங்கு நாட்டில் கிடையாது. "இறங்கி ஒரு கிலோ வாங்கிக்கொண்டு திரும்பிவிடலாமா?" என்றேன். தங்கை சிரித்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அவள் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

திருப்பூர் ஸ்டேஷனில் இறங்கினால் ஊர் முழுவதும் ஓடிக்கொண்டிருப்பது போல இருக்கிறது. மூட்டைகள் ஓடுகின்றன, மோட்டார் சைக்கிள்கள் ஓடுகின்றன, மனிதர்களும் ஓடுகிறார்கள். இந்தியாவிலிருந்து வெளிநாட்டுக்குப் போகும் பருத்திப் பின்னலாடையில் பெரும்பகுதி இந்த ஊரிலிருந்துதான் போகிறது. முன்னே எல்லாம் வெள்ளைப் பனியன்தான் இங்கே முக்கியச் சரக்கு. 1980-களில் வெளிநாட்டு வியாபாரம் பெருகிய பிறகு வர்ணச் சட்டை, குழந்தைக் கவுன், இரவு உடை என்று விதவிதமாகத் தைக்க ஆரம்பித்துவிட்டார்கள். தமிழ்நாட்டின் பல ஜில்லாக்களிலிருந்தும் வடக்கேயிருந்தும் ஜனங்கள் வேலைக்கு வந்து குவிகிறார்கள். 2009-இல் திருப்பூரே ஒரு தனி ஜில்லாவாகிவிட்டது.

ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் குமரன் நினைவகம் இருக்கிறது. ஒரு நிமிஷம் நின்று கும்பிட்டுவிட்டுப் போனோம். 1904-இல் சென்னிமலையில் நெசவுக் குடும்பத்தில் பிறந்த பிள்ளை. 1932 ஜனவரியில் கையில் கொடியோடு ஊர்வலத்தில் போனபோது போலீஸார் அடித்த அடியில் விழுந்து, மறுநாள் உயிர் விட்டார். அப்போது அவருக்கு இருபத்தேழு வயது. இன்று திருப்பூரின் பெரிய சாலைக்கு அவர் பெயர்தான்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் காதர்பேட்டை. சின்னச் சின்னக் கடைகள். வாசலில் கயிறு கட்டிச் சட்டைகளைத் தோரணமாகத் தொங்க விட்டிருக்கிறார்கள். உள்ளே மலை மலையாகக் குவியல். எடை போட்டு மூட்டையாக வாங்கிப்போகும் வெளியூர் வியாபாரிகளும் இருக்கிறார்கள். நம்மைப்போல் ஒன்றிரண்டு எடுக்க வருகிறவர்களும் இருக்கிறார்கள்.

இந்தத் துணியெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கிறீர்களா? வெளிநாட்டு வியாபாரி பத்தாயிரம் கவுன் கேட்டால், பனியன் கம்பெனிக்காரர் கொஞ்சம் கூடுதலாகவே வெட்டித் தைப்பார். சோதனையில் சில கழிந்து போகும் அல்லவா? அதற்காக. கடைசியில் பத்தாயிரம் கப்பல் ஏறும். மிஞ்சியது இங்கே வரும். சோதனையில் கழிந்ததும் இங்கேதான் வரும். சில சமயம் வியாபாரி ஆர்டரையே ரத்து செய்துவிடுவதும் உண்டு. அப்போது நல்ல சரக்கே வந்து குவியும். அந்தக் கம்பெனிப் பெயர் தெரியாமலிருக்கக் கழுத்துப் பட்டையிலுள்ள லேபிளைக் கத்தரித்து விடுவார்கள்.

தங்கை ஒரு கவுனை எடுத்துப் பார்த்து, "அக்கா, 116 என்று போட்டிருக்கிறதே! நூற்றுப் பதினாறு ரூபாயா?" என்றாள்.

கடைக்காரர் சிரித்தார். "அது வெலை இல்லீங்க. கொழந்தையோட உசரமுங்க!"

விஷயம் இதுதான். ஐரோப்பாவுக்குப் போகும் குழந்தை உடைகளில் அளவைச் சென்டிமீட்டரில் போடுகிறார்கள். 110, 116, 122, 128 என்று ஆறு ஆறாக ஏறிக்கொண்டே போகும். 116 என்றால் 116 சென்டிமீட்டர் உயரமுள்ள குழந்தைக்கு. ஏறக்குறைய ஆறு வயதுக்கு. நீங்கள் போவதானால் குழந்தைகளின் உயரத்தைச் சுவரோடு நிறுத்தி அளந்து எழுதிக்கொண்டு போங்கள். ஓர் அளவு பெரிதாகவே எடுங்கள். பெரிதைச் சிறிதாக்குவது சுலபம். சிறிதைப் பெரிதாக்குவதற்குத்தான் சாமர்த்தியம் வேண்டும்.

குவியலில் பொறுக்குவது எப்படி?

நாங்கள் குவியலில் கையை விட்டுத் துழாவிக் கொண்டிருந்தோம். பக்கத்தில் ஒரு பெண் துணிகளைப் பார்த்துக்கொண்டிருந்த விதம் என் கவனத்தை இழுத்தது. கவுனை எடுப்பாள்; வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பாள்; உள்பக்கம் திருப்புவாள்; கழுத்தை ஓர் இழுப்பு இழுத்து விடுவாள்; நீளவாட்டில் இரண்டாக மடிப்பாள். கண் மூடித் திறப்பதற்குள் இவ்வளவும் நடந்து கவுன் ஓரமாகப் போய் விழும்.

நான் ஒரு பச்சைக் கவுனை எடுத்ததும், "ஏனுங்க்கா, அது வேண்டாமுங்க. தொவைச்சா முறுக்கிக்கும்" என்றாள்.

அந்தப் பெண் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். பதினைந்து வருஷ அநுபவம். காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் ராத்திரி எட்டரை வரை வேலை. திருப்பூர்க் கணக்கில் அது ஒன்றரை ஷிப்ட். அன்று விடுமுறை. தன் பெண்ணுக்குத் தீபாவளிக் கவுன் பார்க்க வந்திருந்தாள்.

அவள் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசித் துளை அளவு ஓட்டை இருந்தாலும் பளிச்சென்று தெரியும். பின்னல் துணி வளையம் வளையமாகக் கோத்த துணி. ஒரு வளையம் அறுந்தால் ஏணி மாதிரி கீழே இறங்கிக்கொண்டே போகும். ஓட்டை தையலுக்குப் பக்கத்தில் இருந்தால் கவலையில்லை. உள்ளே பிடித்துத் தைத்துவிடலாம். நடு மார்பில் இருந்தால், அதை மூடுவதற்கு வழி இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

கழுத்தை இழுத்து விடுங்கள். உடனே பழையபடி சுருங்க வேண்டும். தொய்ந்து நின்றால் வைத்துவிடுங்கள்.

நீளவாட்டில் மடித்துப் பாருங்கள். பக்கத் தையல் நேராக இறங்க வேண்டும். கோணிக்கொண்டு முன்பக்கம் வந்தால், துவைக்கத் துவைக்க இன்னும் முறுக்கிக்கொள்ளும். அதை எந்தத் தையலாலும் சரி செய்ய முடியாது. பச்சைக் கவுனின் குற்றம் அதுதான்.

கறை கீழ்ஓரத்தில் இருந்தால் லாபம். வெட்டிவிட்டு வேறு துணி இணைக்கலாம். விலையும் குறைத்துக் கேட்கலாம்!

இந்தப் பாடத்தோடு மூன்று கவுன்கள் எடுத்தோம். ஒவ்வொன்றும் 130 ரூபாய். பெரியவளுக்கு மயில்கழுத்து நீலம். கையில்லாதது, கழுத்து இறக்கம், முழங்காலுக்கு மேலேயே நின்றுவிடும். நடுவிலவளுக்கு மஞ்சள். மார்பில் ஓர் ஓட்டை. கடைக்குட்டிக்கு ரோஜா நிறம். குற்றமே கிடையாது, ஆனால் இரண்டு அளவு பெரிது. மேற்கொண்டு எண்பது ரூபாயில் நான்கு டி-ஷர்ட்டுகள், தொண்ணூறு ரூபாயில் இரண்டு லெகிங்ஸ். மொத்தம் 890 ரூபாய்.

"நீ ஒரு நாளைக்கு எத்தனை கவுன் தைப்பாய்?" என்று தங்கை அந்தப் பெண்ணைக் கேட்டாள்.

"முழுக் கவுன் எங்கீங்க்கா தைக்கறது? எனக்கு சைடு மட்டும்தானுங்க. ஆயிரத்துக்குக் கொறையாது. தோளு ஒருத்தர், கை ஒருத்தர், கீழ் மடிப்பு பேட்லாக்குல இன்னொருத்தர். ரொம்ப நாளு முழுசா ஒண்ணு தைச்சதே இல்லீங்க. வூட்ல பழைய மிசின் ஒண்ணு வாங்கினப்புறம்தான் எம் பொண்ணுக்குன்னு ஒண்ணு முழுசாத் தைச்சனுங்க" என்றாள்.

தங்கை அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

போகும்போது அந்தப் பெண் ஓர் எச்சரிக்கையும் செய்தாள். பின்னல் துணிக்குச் சாதாரண ஊசி ஆகாது. கூர் முனை வளையத்தை அறுத்துவிடும். முனை உருண்ட 'பால் பாயிண்ட்' ஊசி வேண்டும். மெல்லிய துணிக்கு 11-ஆம் நம்பர், தடித்த துணிக்கு 14. ஆனால் கம்பெனி மெஷின் ஊசிக்கு அடிப்பாகம் உருண்டையாக இருக்கும். நம் வீட்டு மெஷினில் அது உட்காராது. "வீட்டு மெஷினுக்கு" என்று கேட்டு, அடிப்பாகம் ஒரு பக்கம் தட்டையாக உள்ளதைப் பார்த்து வாங்க வேண்டும். வாங்கினோம்.

"கழித்துப் போட்டதுதானே?"

வீட்டுக்கு வந்து துணிகளைப் பரப்பினோம். சின்னவர்கள் இரண்டு பேரும் குதித்தார்கள். பெரியவள் நீலக் கவுனைக் கையில் எடுத்தாள். கழுத்தில் லேபிள் அறுத்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"பெரியம்மா, இது கழித்துப் போட்டதுதானே?" என்றாள்.

கடுமையாகச் சொல்லவில்லை. மெதுவாகத்தான் கேட்டாள். தங்கை எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். பாத்திரம் தேய்க்கும் சத்தம் வந்தது. தேய்க்க வேண்டிய பாத்திரம் ஒன்றும் அப்போது இல்லை என்பது எனக்குத் தெரியும்.

எனக்கு என்ன பதில் சொல்வதென்று புரியவில்லை. அம்மாதான் பேசினாள். "அதெல்லாம் அப்புறம் பார்க்கலாம். எனக்குக் கண் தெரியவில்லை. வந்து இந்த ஊசியில் நூலைக் கோத்துக் கொடு."

பெரியவள் நூல் கோத்தாள். அவ்வளவுதான், அம்மா அவளை விடவில்லை. "பாபினில் நூல் சுற்று." சுற்றினாள். "மிதித்துப் பார். சக்கரம் பின்னுக்குப் போகக்கூடாது." மிதித்தாள்.

அந்த மெஷின் 1968-இல் அப்பா தவணையில் வாங்கிக் கொடுத்த உஷா மெஷின். எங்கள் இருவருக்கும் பாவாடை சட்டை எல்லாம் அதில்தான் தைத்தாள் அம்மா. பட்டுப் பாவாடைக்கு உள்ளே நாலு 'டக்' பிடித்து வைப்பாள். ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரு டக்கைப் பிரித்து விடுவாள். பாவாடை நாலு வருஷம் எங்களோடு கூடவே வளரும்! உங்கள் வீட்டிலும் அப்படித்தானே?

தையல் பாடம்

முதலில் துணிகளைத் துவைத்தோம். புதுத்துணியை எதற்காகத் துவைப்பது என்று எண்ணாதீர்கள். பருத்திப் பின்னல் துணி நீளத்தில் சுருங்கும். தைத்த பிறகு சுருங்கினால் உங்கள் உழைப்பு வீண். இரண்டு முறை துவைத்துக் காய வையுங்கள். ஈரத்தோடு கொடியில் தொங்கவிட்டால் கனத்தில் நீண்டுவிடும். பாயில் பரப்பி உலர்த்துவது நல்லது.

கடைக்குட்டியின் ரோஜாக் கவுன்தான் சுலபம். அவளுக்குச் சரியாக இருக்கும் பழைய கவுன் ஒன்றை எடுத்துக்கொண்டோம். புதியதை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, அதன் மேல் பழையதைப் பரப்பி, ஓரத்தைச் சுற்றி அரை அங்குலம் விட்டுச் சாக்கட்டியால் கோடு போட்டோம். கோட்டின் மேல் கையால் ஓட்டுத் தையல். குழந்தைக்குப் போட்டுப் பார்த்தோம். கையைத் தூக்கச் சொன்னோம், உட்காரச் சொன்னோம். பிறகுதான் மெஷின் தையல். மிஞ்சிய துணியை வெட்டவில்லை. அடுத்த வருஷம் பிரித்து விடலாம் அல்லவா? பின்னல் துணியின் ஓரம் நூல் நூலாகப் பிரிந்து வராது, சுருண்டுதான் கொள்ளும். அதனால் வீட்டில் ஓவர்லாக் மெஷின் இல்லையே என்று ஏங்க வேண்டாம்.

இங்கே என் பெருமையையும் சொல்ல வேண்டும். "சைடு பிடிப்பது என்ன பிரமாதம்?" என்று நடுவிலவளின் மஞ்சள் கவுனை நான் வாங்கித் தைத்தேன். அவள் தலை வழியாக மாட்டிக்கொண்டு கையை நீட்டினாள். டப், டப், டப் என்று தையல் முழுவதும் அறுந்தது! துணி நீள்கிறது, நூல் நீளவில்லை. பருத்தி நூலைப் போட்டது என் தப்பு. பாலியெஸ்டர் நூல் வேண்டும். மெஷினில் வளைந்து வளைந்து போகும் 'ஜிக்ஜாக்' தையல் இருந்தால் அதைச் சின்னதாக வைத்துத் தைக்கலாம். நேர்த் தையல் மட்டுமே உள்ள எங்கள் மெஷினைப் போன்றதானால், பாதத்துக்கு முன்னும் பின்னும் துணியைப் பிடித்து லேசாக, மிகவும் லேசாக, இழுத்துக் கொடுத்துத் தைக்க வேண்டும். தைத்ததும் துணி சுருங்கும்போது தையலுக்குள் கொஞ்சம் நூல் தளர்வாக நிற்கும். போடும்போது அறுந்து போகாது.

மார்பிலிருந்த ஓட்டையை முதலில் உள்பக்கம் சின்னத் துண்டு வைத்துக் கையால் நாலு தையல் போட்டு வளையம் இறங்காமல் கட்டினோம். பிறகு ஒரு பூப்போட்ட டி-ஷர்ட்டிலிருந்து ஒரு பூவைக் கத்தரித்து அதன் மேல் வைத்து, சுற்றிலும் சங்கிலித் தையல். ஒரு பூ தனியாக இருந்தால் ஒட்டுப் போட்டது தெரியும். ஆகையால் தோள் பக்கம் ஒன்று, கீழ்ஓரத்தில் ஒன்று என்று மூன்று பூ வைத்தோம். இப்போது அது ஒட்டு அல்ல, அலங்காரம்!

பெரியவளின் நீலக் கவுன்தான் பெரிய வேலை. அதற்கு மூன்று குறை.

கை இல்லை. நீல டி-ஷர்ட் ஒன்றின் கையைத் தையல் பிரித்து முழுசாக எடுத்தோம். அதே அளவு எண் உள்ள சட்டையாக இருந்தால் கைக்குழியில் ஏறக்குறையப் பொருந்திவிடும். அதிகமாக நீளும் பக்கம் கையைச் சுற்றி வர வேண்டும் என்பதை மட்டும் கவனியுங்கள்.

கழுத்து இறக்கம். அதே டி-ஷர்ட்டிலிருந்து ஒரு பட்டை வெட்டி இரண்டாக மடித்துக் கழுத்தைச் சுற்றி வைக்க வேண்டும். நான் கழுத்தின் சுற்றளவுக்குச் சமமாகப் பட்டையை வெட்டினேன். தைத்து முடித்ததும் அது பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்து நின்றது. அம்மா பார்த்துவிட்டு, "பிரி" என்று ஒரே வார்த்தை சொன்னாள். பட்டை கழுத்துச் சுற்றளவில் ஐந்தில் நாலு பங்குதான் இருக்க வேண்டும். அதை இழுத்துப் பிடித்துக் கொடுத்துத் தைத்தால் கழுத்தோடு படிந்து நிற்கும். ஆனால் நீளாத துணியில் பட்டை வைத்தால் இந்தக் கணக்கு உதவாது. அப்போது குழந்தையின் தலைச் சுற்றளவு, அதாவது இருபது இருபத்தொரு அங்குலம், நுழைய இடம் வேண்டும்.

மூன்றாவது, நீளம். இதற்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அம்மா பெட்டியைத் திறந்து ஒரு சுங்குடிப் புடைவையை எடுத்தாள். அரக்கு நிறம், வெள்ளைப் புள்ளி. என் தங்கை கல்யாணத்துக்கு மறுநாள் அம்மா கட்டிக்கொண்டிருந்த புடைவை. நடுவில் நைந்து போயிருந்தது. ஓரம் மட்டும் கல்லாக இருந்தது.

"அம்மா, அதை வெட்டாதே!" என்றாள் தங்கை.

"பெட்டிக்குள் வைத்துப் பூச்சிக்குக் கொடுக்கச் சொல்கிறாயா?" என்று சொல்லிக்கொண்டே அம்மா கத்தரியைப் போட்டாள்.

கவுனின் கீழ்ச்சுற்று 44 அங்குலம். சுருக்கு வைக்க ஒன்றரை மடங்கு வேண்டும். அதாவது 66 அங்குலம். புடைவையின் ஓரத்தோடு 8 அங்குல அகலத்துக்கு நீளமாக வெட்டினோம். புடைவைக் கரையே கீழ்ஓரமாக அமைந்துவிட்டதால் மடித்துத் தைக்கும் வேலை மிச்சம். பழைய புடைவையில் இன்னொரு லாபம்: சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி, சாயம் போக வேண்டியதெல்லாம் போயிருக்கும். புதுத்துணி வைப்பதானால் ஈரமான வெள்ளைத் துணியை அதன் மேல் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் ஆபத்து.

மேல் ஓரத்தில் பெரிய தையலாக இரண்டு வரிசை ஓட்டி, அடி நூலைப் பிடித்து இழுத்தால் சுருக்கு விழும். கவுனையும் சுருக்குத் துணியையும் நாலு நாலு பாகமாகக் குண்டூசி வைத்துப் பிரித்துக்கொண்டு, ஊசிக்கு ஊசி பொருத்தித் தைத்தால் சுருக்கு ஒரே இடத்தில் குவியாது.

இவ்வளவையும் யார் தைத்தது என்று நினைக்கிறீர்கள்? நானல்ல. பெரியவள்தான். ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்து, இரண்டு தடவை பிரித்து, மூன்றாம் தடவை தைத்தாள். லேபிள் அறுத்த இடத்தில் ஒரு சின்னத் துண்டு சுங்குடியை வைத்து, தன் பெயரின் முதல் எழுத்தைச் சங்கிலித் தையலில் போட்டுக்கொண்டாள். அதை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

"பாட்டி, பழைய புடைவை வைத்துத் தைத்தது எப்படிப் புதுத்துணியாகும்?" என்று நடுவிலவள் ஒரு சந்தேகம் கிளப்பினாள்.

"மஞ்சள் தடவினால் புதுசு. போய்ப் படு" என்றாள் அம்மா.

தீபாவளி அன்று

அந்த வருஷம் அக்டோபர் 31-ஆம் தேதி தீபாவளி. நான் ஊர் திரும்பாமல் அங்கேயே தங்கிவிட்டேன். விடியற்காலை எண்ணெய் தேய்த்துக் குளித்து மூன்று பேரும் வாசலுக்கு வந்தார்கள். நீலமும் அரக்குமாகப் பெரியவள் நின்றபோது என் கண்ணே பட்டிருக்கும்.

எதிர்வீட்டுப் பெண் ஓடி வந்தாள். "ஐயோ, சூப்பரா இருக்குடீ! எங்க வாங்கினே?"

நானும் தங்கையும் கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"வாங்கலை. நாங்களே தைச்சோம்" என்றாள் பெரியவள்.

தங்கை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "புகை" என்றாள். அந்தத் தெருவில் இன்னும் ஒருவரும் மத்தாப்புக் கொளுத்தவில்லை.

மறுநாள் நான் புறப்படும்போது தங்கை ஸ்டேஷன் வரை வந்தாள். வண்டி வருவதற்குச் சற்று முன்பு, "அக்கா, எதிர்வீட்டு மாமி அவர்கள் பெண்ணின் நாலு சுடிதார் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள், சைடு பிடிக்க. அம்மா மெஷினுக்கு ஒரு மோட்டார் வைத்தால் வேகமாகத் தைக்கலாம். பணம் தருகிறாயா? கடனாகத்தான். மாதா மாதம் திருப்பித் தந்துவிடுவேன்" என்றாள்.

நான் கொடுத்தேன். அவளும் ஒழுங்காகத் திருப்பித் தந்தாள். இந்தத் தடவை பணம் திரும்பி வந்ததில் எனக்கு வருத்தமே இல்லை. தங்கை கணவருக்கும் பிறகு ஒரு நிலையான வேலை கிடைத்தது. மெஷின் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

நியாயமாக ஒன்றும் சொல்லிவிட வேண்டும். மூன்று கவுனுக்காகச் சென்னையிலிருந்து டிக்கெட் வாங்கிக்கொண்டு திருப்பூர் போனால் சிக்கனமாகாது. அந்தப் பக்கம் போகும்போது போங்கள். இல்லாவிட்டால் உங்கள் ஊர்க் கடைத்தெருவிலேயே இந்தச் சரக்கு ஏதாவது ஒரு மூலையில் வந்து இறங்கும். மலிவாயிற்றே என்று மூட்டை கட்டிக்கொண்டும் வராதீர்கள். திருப்பூர் நடுவில் நொய்யல் ஆறு ஓடுகிறது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து காவிரியில் கலக்கும் ஆறு. சாயப் பட்டறைக் கழிவால் அது பட்ட பாடு கொஞ்சமல்ல. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதி மன்றமே தலையிட்டுச் சாயப் பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு கவுனுக்கு நிறம் ஏற்ற எவ்வளவு தண்ணீர் செலவாகிறது என்று எண்ணிப் பார்த்தால், இருப்பதைப் பிரித்துத் தைத்து இன்னும் இரண்டு வருஷம் போட மனம் வரும்.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குகள் பலவற்றுக்கு 50 சதவீத வரி விதித்தது என்ற செய்தியும், திருப்பூரில் ஆர்டர்கள் நின்றுபோயின என்ற செய்தியும் வந்தபோது எனக்கு அந்த ஓவர்லாக் பெண்தான் ஞாபகத்துக்கு வந்தாள். அவள் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. அவளுடைய வீட்டு மெஷினாவது அப்போது அவளுக்குக் கைகொடுத்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

கதை முடிந்ததா என்கிறீர்களா? இல்லை. தீபாவளி முடிந்து நான் வீடு வந்து சேர்ந்ததும் எங்கள் வீட்டுக்காரர் பத்திரிகையைக் கீழே வைத்தார். ஒரே மாதத்தில் இரண்டாவது தடவை!

"எங்கே பனியன்?" என்றார்.

நான் விழித்தேன். திருப்பூருக்கே போய், காதர்பேட்டை முழுவதும் சுற்றி, பனியன் வாங்காமல் திரும்பி வந்தவள் இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நல்லவேளை, நான்கு டி-ஷர்ட்டில் ஒன்று மிஞ்சியிருந்தது. கொஞ்சம் சைடு பிரித்துவிட்டால் அவருக்குச் சரியாக இருக்கும் என்று தோன்றுகிறது.